குளிர் கூடினால் கிளையும் கூடுமா? பனிப்படிக வடிவங்கள் பற்றி ஓர் இழை

4 டிசம்பர், இரவு 9.10
மேகவாசகி

ஒரு வரைபடம் குழப்புகிறது. −2 டிகிரியில் பனிப்படிகம் தட்டாக இருக்குமாம். −5-இல் ஊசி. −15-இல் ஆறு கிளை நட்சத்திரம். அதற்கும் கீழே போனால் மறுபடி தூண். மேகம் குளிரக் குளிரக் கிளை கூட வேண்டும் என்பதுதானே நியாயம்? தட்டு, தூண், தட்டு, தூண் என்று ஏன் மாறி மாறி வருகிறது? அச்சுப்பிழையா? ஒரு நீர்த்துளி உறைந்துதான் நட்சத்திரம் ஆகிறது என்றால், உறையும்போது அந்தத் துளி இதையெல்லாம் எப்படிக் கணக்கில் எடுக்கும்?

4 டிசம்பர், இரவு 9.55
ஆறுபட்டை

அச்சுப்பிழை இல்லை. வரைபடம் சரி. (இந்த இழையில் வருவதெல்லாம் செல்சியஸ்.) தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 0 முதல் −4 வரை தட்டு. −4 முதல் −10 வரை தூணும் ஊசியும். ஊசி மெலிந்து நீள்வது −5, −6 பக்கம். −10 முதல் −22 வரை மறுபடி தட்டு. அதற்குள் −13 முதல் −17 வரை உள்ள பட்டையில்தான் கிளை விரித்த நட்சத்திரம், உச்சம் −15. அதற்குக் கீழே நிலைமை கலவரம், அதைத் தனியாகப் பேசுவோம்.

துளி உறைந்து நட்சத்திரமாவதில்லை. உறைந்த துளி உறைந்த துளிதான்: ஒரு பனிமணி. நட்சத்திரம் கட்டப்படுவது காற்றிலிருக்கும் நீராவியிலிருந்து. ஆவி நேராகத் திடமாகப் படிகிறது, நடுவில் திரவ நிலையே கிடையாது. உறைந்த மணி அந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் மட்டும்.

4 டிசம்பர், இரவு 10.20
ஆறுபட்டை

ஆவி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

0 டிகிரிக்குக் கீழே போனதும் மேகத்துளி உறைந்துவிடாது. உறைய ஒரு கரு வேண்டும்: களிமண் தூசு, ஃபெல்ட்ஸ்பார் தூசு, சில பாக்டீரியா. கருவே இல்லாத சுத்தமான சிறு துளி ஏறத்தாழ −38 வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கும். ஆகவே −15 டிகிரி மேகத்தில் பெரும்பாலான துளிகள் மீக்குளிர்ந்த நீர்தான்.

இப்போது நீர்ப்பரப்பின் மேல் தெவிட்டிய ஆவியழுத்தத்தையும் (அதற்கு மேல் ஆவி சேர்ந்தால் படியத் தொடங்கும் அளவு) பனிப்பரப்பின் மேல் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். −5-இல் 4.21-க்கு 4.02 ஹெக்டோபாஸ்கல். −15-இல் 1.91-க்கு 1.65. துளிகள் நிறைந்த மேகக் காற்று நீரைப் பொறுத்தவரை சரியாகத் தெவிட்டியிருக்கும். அதே காற்று பனியைப் பொறுத்தவரை −5-இல் 5 சதவீதமும், −15-இல் 16 சதவீதமும் மீதெவிட்டியது. பனிப்படிகம் ஆவியை இழுக்கும், காற்று வறளும், அந்தக் குறையை ஈடுகட்டத் துளிகள் ஆவியாகும். துளி இளைக்கும், படிகம் பருக்கும். வெகெனர் 1911-இல் தொட்டுக்காட்டி, பெர்கரோனும் ஃபிண்டைசனும் 1930-களில் விரித்துச் சொன்னது இதைத்தான்.

ஒரு கணக்கு. 3 மில்லிமீட்டர் அகலக் கிளைப்படிகத்தின் நிறை ஏறக்குறைய 0.034 மில்லிகிராம். 10 மைக்ரான் விட்டமுள்ள மேகத்துளி ஒன்றின் நிறை அரை நானோகிராம் சொச்சம். வகுத்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 65,000 துளிகளின் நீர்.

5 டிசம்பர், காலை 6.15
ஆறுபட்டை

இரவு படித்துப் பார்த்ததில், உங்கள் கேள்வியின் முடிச்சு வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. "கிளை" என்ற ஒன்றைத்தான் பார்க்கிறீர்கள். கேள்வி இரண்டு.

முதலாவது: படிகம் பக்கவாட்டில் விரிகிறதா, நெடுக்கில் நீள்கிறதா? தட்டா, தூணா? இதற்குப் பதில் சொல்வது வெப்பநிலை.

இரண்டாவது: விளிம்பு வழவழப்பாக, பட்டை தீட்டியதுபோல் இருக்கிறதா, கிளை பிரிகிறதா? இதற்குப் பதில் சொல்வது மீதெவிட்டல், அதாவது படிகத்தைச் சுற்றி உபரி ஆவி எவ்வளவு இருக்கிறது என்பது.

−15-இல்கூட ஆவி குறைவாக இருந்தால் வெறும் அறுகோணத் தட்டுதான் கிடைக்கும். −5-இல் ஆவி குறைந்தால் குட்டையான திடத்தூண், கூடினால் உள்ளே குடைந்த தூண், இன்னும் கூடினால் ஊசி. வரைபடத்தில் வெப்பநிலை குறுக்காக ஓடினால் மீதெவிட்டல் நெடுக்காக ஓடும். நீங்கள் பார்த்தது மேல் விளிம்பு மட்டும் காட்டும் சுருக்கப் படமாக இருக்க வேண்டும்.

இந்த இரட்டை அச்சை வரைந்தவர் ஜப்பானின் ஹொக்கைடோவில் இருந்த இயற்பியலாளர் உக்கிச்சிரோ நகாயா. 1936 மார்ச் 12 அன்று அவருடைய குளிர் ஆய்வறையில் முதல் செயற்கைப் பனிப்படிகம் வளர்ந்தது, ஒரு முயல் முடியின் மேல். பருத்தி, பட்டு, சிலந்தி நூல் எல்லாவற்றிலும் நூல் நெடுக உறைபனி அப்பிக்கொண்டது. முயல் முடியில் மட்டும் புள்ளி புள்ளியாக, இடைவெளி விட்டுப் படிகம் தொற்றியது. கரு குறைவாக இருந்தால்தான் ஒவ்வொன்றுக்கும் போதிய ஆவி கிடைக்கும். கீழே புட்டி சோதனை எழுதும்போது இது மறுபடி வரும்.

5 டிசம்பர், காலை 6.40
ஆறுபட்டை

ஆறு ஏன் என்று கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. பனியில் ஒவ்வொரு ஆக்சிஜனும் நான்கு அண்டை ஆக்சிஜன்களோடு நான்முகி வடிவில் பிணைந்து ஆறு ஆறாக வளையம் கட்டுகிறது. அதனால் படிகத்துக்கு இரண்டு அடிமுகங்கள் (மேலும் கீழும்), ஆறு பக்கமுகங்கள். அடிமுகம் வேகமாக வளர்ந்தால் தூண். பக்கமுகம் வேகமாக வளர்ந்தால் தட்டு. வடிவம் முழுக்க இந்த இரண்டு வேகங்களின் விகிதம்.

5 டிசம்பர், பகல் 1.30
வளிமகன்

−15-இல் உச்சம் என்பதற்கு விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறதே. நீருக்கும் பனிக்கும் உள்ள ஆவியழுத்த வித்தியாசம் அங்கேதான் அதிகம். தட்டு-தூண் மாற்றமும் அதனால்தான் என்று சொல்லி முடித்துவிடலாமே?

5 டிசம்பர், பகல் 2.05
ஆறுபட்டை

பாதி ஒத்துக்கொள்கிறேன். வித்தியாசத்தின் உச்சம் −12 பக்கம், 0.27 ஹெக்டோபாஸ்கல். −10 முதல் −16 வரை அது பெரிதாக இறங்குவதில்லை. ஆகவே அந்தப் பட்டையில் வளர்ச்சி வேகம் ஏன், கிளை ஏன் என்பதற்கு அது நல்ல விடை.

தட்டு-தூண் மாற்றத்துக்கு விடை அல்ல. வித்தியாசம் 0-விலிருந்து −12 வரை ஒரே சீராக ஏறுகிறது, பிறகு ஒரே சீராக இறங்குகிறது. வடிவமோ −4-இல் ஒரு தடவை, −10-இல் ஒரு தடவை, −22-க்குக் கீழே எங்கோ ஒரு தடவை புரள்கிறது. வழவழப்பான ஒரு வளைகோடு மூன்று புரட்டுகளைத் தர முடியாது. −5-இலும் −15-இலும் ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தி ஒரே மாதிரி வைத்தாலும் தூண் தூணாகவும் தட்டு தட்டாகவும்தான் வரும்.

காரணம் முகங்களின் மேற்பரப்பில் இருக்கிறது. வந்து மோதும் ஆவி மூலக்கூறு ஒட்டிக்கொள்ளுமா, எகிறிப் போகுமா என்பது முகத்துக்கு முகம் வேறு, வெப்பநிலைக்கு வெப்பநிலை வேறு. உருகுநிலைக்கு அருகில் பனியின் மேல் மூலக்கூறுகள் சில அடுக்குகளுக்குத் தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி அடிமுகத்திலும் பக்கமுகத்திலும் ஒரே வெப்பநிலையில் தொடங்குவதில்லை. குரோடாவும் லக்மானும் 1982-இல் வைத்த விளக்கம் இந்த வழியில் போகிறது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் லிப்ரெக்ட், மெல்லிய விளிம்புகளில் ஒட்டும் திறன் மாறிவிடுகிறது என்ற பாதையில் போகிறார். துறையில் இது இன்னும் தீர்ந்த வழக்கு அல்ல. எந்த வெப்பநிலையில் என்ன வடிவம் என்பதை தோராயமாகச் சொல்ல முடிகிறது. ஏன் என்பதற்கு முழுத் தீர்ப்பு வரவில்லை. இந்தத் துறையிலேயே என்னை அதிகம் இழுப்பது இந்த இடம்தான்.

5 டிசம்பர், இரவு 8.45
மேகவாசகி

இரண்டு அச்சு புரிந்துவிட்டது. ஆவி கூடினால் ஏன் கிளை பிரிய வேண்டும்? தட்டு அப்படியே வேகமாகப் பெரிதாகிவிட்டுப் போகலாமே. அப்புறம், ஆறு கிளையும் ஒரே மாதிரி வளர ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்கின்றனவா?

5 டிசம்பர், இரவு 9.30
ஆறுபட்டை

முதல் கேள்வி. ஆவி படிகத்தை வந்து சேர்வது விரவல் (தானாகப் பரவுதல்) மூலம். படிகத்தை ஒட்டிய காற்றில் ஆவி தீர்ந்துபோயிருக்கும். தள்ளிப் போகப் போக வளமாக இருக்கும். அறுகோணத்தின் ஆறு மூலைகளும் அந்த வளமான காற்றுக்குள் துருத்திக்கொண்டு நிற்கின்றன, ஆகவே அவற்றுக்குப் பங்கு அதிகம். பங்கு அதிகம் என்பதால் இன்னும் துருத்தும், துருத்துவதால் இன்னும் அதிகம் கிடைக்கும். முகத்தின் நடுப்பகுதி பட்டினி.

சிறிய படிகத்தில் இது நடக்காது. மூலைக்கும் முகத்தின் நடுவுக்கும் ஆவியில் பெரிய வித்தியாசம் இருக்காது; மேற்பரப்பு மூலக்கூறுகளை நகர்த்தி முகத்தைச் சமதளமாகவே வைத்துக்கொள்ளும். ஏதோ ஓர் அளவைத் தாண்டியதும் மூலை முந்திவிடும். மீதெவிட்டல் கூடக் கூட அந்த அளவு சிறுத்துக்கொண்டே வரும். அதனால்தான் கிளைப்படிகங்களின் நடுவில் பெரும்பாலும் ஒரு குட்டி அறுகோணம் தெரியும். கிளை முளைக்கும் முன் இருந்த குழந்தைத் தட்டு அது.

குடைந்த தூணும் இதே கதை. அங்கே விளிம்பு முந்துகிறது, அடிமுகத்தின் நடு பின்தங்கிக் குழியாகிறது.

5 டிசம்பர், இரவு 9.50
ஆறுபட்டை

இரண்டாவது கேள்வி. சேதி எதுவும் இல்லை. ஒரு கிளையின் நுனிக்கு எதிர்க்கிளை இருப்பதே தெரியாது. ஆறும் 2, 3 மில்லிமீட்டருக்குள் இருக்கின்றன. மேகத்துக்குள் படிகம் அலைந்து திரியும்போது ஆறும் ஒரே நேரத்தில் ஒரே வெப்பநிலையையும் ஒரே ஈரத்தையும் சந்திக்கின்றன. ஈரம் சட்டென்று குறைந்தால் ஆறு நுனிகளும் ஒரே சமயத்தில் பட்டையாகி, ஆறு குட்டித் தட்டுகளாகும். ஈரம் திரும்பினால் அந்த ஆறு தட்டுகளின் மூலைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் பக்கக்கிளை கிளம்பும், 60 டிகிரி கோணத்தில்.

அச்சில் வருகிற படங்களை வைத்து எல்லாப் படிகமும் இப்படி ஒத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில், வெர்மான்ட்டின் ஜெரிக்கோவில் பென்ட்லி 1885 முதல் 5,000-க்கு மேல் படமெடுத்தார், அழகானவற்றைத் தேடி எடுத்தார். விழும் பனியை அப்படியே வாரி நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலானவை கோணல், உடைசல், துளி அப்பியது, மூன்று கிளை நீண்டு மூன்று கிளை முடங்கியது.

6 டிசம்பர், காலை 7.00
ஆறுபட்டை

மேலே விட்டுப்போன மூன்று.

காற்றழுத்தம்: குறைந்த அழுத்தத்தில் ஆவி வேகமாக விரவும், மூலைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறையும், பட்டைமுகம் தாக்குப்பிடிக்கும். உயரமான மேகத்தையும் தரைமட்ட ஆய்வகத்தையும் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

உள்ளுறை வெப்பம்: ஒரு கிலோ ஆவி பனியாகப் படியும்போது 28 லட்சம் ஜூல் சொச்சம் வெளியேறுகிறது. படிகம் அதைக் காற்றில் தள்ளினால்தான் மேலும் வளர முடியும். விழும்போது உரசிப் போகும் காற்று வெப்பத்தையும் அகற்றுகிறது, ஆவியையும் கொண்டுவருகிறது.

அசுத்த ஆவி: ஆல்கஹால், அசெட்டிக் அமிலம் போன்றவற்றின் ஆவி கொஞ்சம் கலந்தாலே வடிவம் மாறும். சோதனைக்கலத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு உடனே படிகம் வளர்த்தால் வரும் முடிவை நம்பாதீர்கள்.

6 டிசம்பர், மாலை 5.20
வளிமகன்

அப்படியானால் ஒரு படிகத்தைப் பார்த்து அது எந்த வழியாக வந்தது என்று சொல்லிவிட முடியுமா?

6 டிசம்பர், மாலை 6.10
ஆறுபட்டை

முடியும். நடுவிலிருந்து வெளியே படிக்க வேண்டும், மரத்தின் ஆண்டு வளையத்தைப் படிப்பதுபோல். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்.

நடுவில் 0.2 மில்லிமீட்டர் அறுகோணத் தட்டு, அதில் மையத்திலிருந்து மூலைக்கு ஆறு மேடுகள். இந்தக் கட்டத்தில் படிகம் தட்டுப் பட்டையில் இருந்தது, ஈரம் மிதம். அதைச் சுற்றிச் சட்டென்று ஆறு குறுகிய கிளைகள், இரு பக்கமும் அடர்ந்த பக்கக்கிளைகள்: −15-ஐ ஒட்டிய இடம், துளிகள் நிறைந்த மேகம். பக்கக்கிளைகள் எல்லாம் ஒரே தூரத்தில் நின்றுபோய், கிளை மட்டும் மொட்டையாக நீள்கிறது: ஈரம் குறைந்தது. நுனியில் ஆறு அகன்ற தட்டுகள்: வளர்ச்சி மெதுவாகி −12 பக்கம் வந்தாயிற்று. கிளைகளின் ஒரு முகத்தில் மட்டும் 20, 30 மைக்ரான் அளவில் வெண்புள்ளிகள்: மீக்குளிர்ந்த துளிகள் மோதி அப்படியே உறைந்தவை. புள்ளிகள் உருண்டையாக, பட்டை இல்லாமல் இருப்பதே அவை ஆவியிலிருந்து வந்தவை அல்ல என்பதற்கு அடையாளம்.

தொப்பி வைத்த தூண் இன்னும் தெளிவாகப் பேசும். தூணின் இரு முனையிலும் ஆளுக்கொரு தட்டு. −6-ஐ ஒட்டித் தூணாகத் தொடங்கி, மேலேறும் காற்றில் −15 பக்கம் போயிருக்கிறது. அங்கே தூணின் விளிம்புகள் தட்டாக விரிந்தன. கீழேயிருந்து மேலே போன பயணம் அது.

எச்சரிக்கை ஒன்று. தரைக்கு வரும் வழியில் வறண்ட காற்று இருந்தால் மூலைகள் மழுங்கும். மழுங்கிய படிகத்தில் கடைசி அத்தியாயம் அழிந்திருக்கும், அதை ஊகித்து நிரப்பக் கூடாது.

7 டிசம்பர், காலை 6.30
ஆறுபட்டை

−22-க்குக் கீழே என்ன என்று ஒரு கடன் இருக்கிறது. பழைய வரைபடங்கள் "தூண்" என்று ஒரே சொல்லில் முடிக்கும். மேகவாசகி பார்த்தது அதுதான். பெய்லியும் ஹாலெட்டும் 2000-களில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு படம் மாறிவிட்டது: −20 முதல் −40 வரை தட்டும், பல படிகம் ஒட்டிப் பிறந்த தட்டுக்கூட்டங்களும்தான் அதிகம். −40-க்குக் கீழேதான் தூண்களும், ஒரே மையத்திலிருந்து பல திசையில் கிளம்பும் தோட்டாக்கொத்துகளும் மேலோங்கும். கையில் பழைய படம் இருந்தால் அதன் வலது பாதியை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்.

வகைப்பாட்டுப் பட்டியல்களும் நீண்டுகொண்டே போகின்றன: நகாயா 41, மகோனோவும் லீயும் 1966-இல் 80, கிகுச்சி குழு 2013-இல் 121. மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு அச்சும் துளி அப்பியதா என்ற கேள்வியும் கையில் இருந்தால் பெரும்பகுதியை நீங்களே பிரித்துவிடலாம்.

7 டிசம்பர், பகல் 12.15
மேகவாசகி

முதல் நாள் கரு வேண்டும் என்றீர்கள். கரு நிறைய இருந்தால் நட்சத்திரமும் நிறைய வருமா?

7 டிசம்பர், பகல் 1.00
ஆறுபட்டை

எதிர்மாறாகப் போகும். −20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றுக்கு ஒரு கரு என்பது நெடுநாள் வழக்கிலுள்ள தோராயம். அதே லிட்டரில் மேகத்துளிகள் லட்சத்துக்கு மேல். அந்த ஏற்றத்தாழ்வுதான் ஒரு படிகத்துக்கு 65,000 துளிகளின் நீரைக் கிடைக்கச் செய்கிறது. கரு ஆயிரம் மடங்கானால் ஆயிரம் படிகங்கள் அதே ஆவியைப் பங்குபோடும், ஈரம் பனித்தெவிட்டலுக்கு இறங்கும். கிளைக்கு வழியே இல்லை. பொடித்தட்டுதான்.

கரு இல்லாமலே படிகம் பெருகும் வழியும் உண்டு. 1974-இல் ஹாலெட்டும் மோசப்பும் காட்டியது: −3-க்கும் −8-க்கும் நடுவில், 24 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் பனியில் மோதி உறையும்போது சில்லு தெறிக்கிறது, −5-இல் அதிகபட்சம். அண்மையில் நடந்த ஒரு மறுசோதனையில் அந்த அளவுக்குச் சில்லு தெறிக்கவில்லை, ஆகவே இதை இப்போது கொஞ்சம் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். மேகத்தில் படிகம் எண்ணும் விமானக் கருவியின் முனையில் மோதி உடையும் படிகமும் "புதிய படிகம்" என்று எண்ணிக்கையில் ஏறும். ஒன்றையொன்று மிக நெருங்கிய இடைவெளியில் வரும் துகள்களை வடிகட்டாமல் எண்ணிக்கையை நம்பக் கூடாது.

8 டிசம்பர், காலை 9.00
ஆறுபட்டை

புட்டி சோதனை. பனி விழாத இடத்திலும் நட்சத்திரக் கிளை வளர்த்துப் பார்க்கலாம். லிப்ரெக்ட் பரப்பிய எளிய முறையை ஒட்டியது.

வேண்டியவை: அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டி, அரை அங்குலத் தடிமனில் ஸ்பாஞ்சு வட்டம், குண்டூசி நான்கு, கிடைப்பதிலேயே மெல்லிய தூண்டில் நரம்பு, பேப்பர் கிளிப், டேப், புட்டி நுழையும் அளவுக்குத் தெர்மாகோல் கோப்பைகள், பொடித்த டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) 2 கிலோ. டிரை ஐஸ் −78.5 டிகிரி. தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஜன்னல் திறந்த அறை வேண்டும். மூடிய பாத்திரத்தில் அடைக்கவே கூடாது, வெடிக்கும். புட்டிக்குள்ளும் போடக் கூடாது, அதன் இடம் வெளியே.

புட்டியின் அடியை 2 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். வெட்டிய அடிக்குள் ஸ்பாஞ்சை வைத்து, வெளியிலிருந்து குண்டூசி குத்தி நிறுத்துங்கள். ஊசியால் நரம்பை அடியின் நடுவிலும் ஸ்பாஞ்சிலும் கோத்து, மறுமுனையில் கிளிப்பைக் கட்டுங்கள். ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். புட்டியை மூடி போட்டுத் தலைகீழாக நிறுத்தி, நரம்பு நடுவில் தொங்கும்படி அடியை மேலே பொருத்தி டேப் ஒட்டுங்கள். கழுத்துப் பக்கத்தைக் கோப்பைக்குள் இறக்கிச் சுற்றிலும் டிரை ஐஸை நிரப்புங்கள்.

மேலே அறைவெப்பத்தில் ஈர ஸ்பாஞ்சு, கீழே கடுங்குளிர். குளிர்காற்று கனமானது, கீழேயே கிடக்கும், கலக்காது. ஆவி மேலிருந்து மெதுவாக விரவி இறங்கும். டிரை ஐஸ் மட்டத்துக்குச் சற்று மேலே, நரம்பில் 5 முதல் 10 நிமிடத்தில் முதல் படிகம் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உருப்பெருக்கியால் பாருங்கள். முதலில் நரம்பில் ஒரு வெள்ளைச் சொரசொரப்பு. அதிலிருந்து ஒரு கிளை கிடைமட்டமாகக் கிளம்பும். அதன் இரு பக்கமும் 60 டிகிரியில் பக்கக்கிளைகள் நுனிக்குச் சற்றுப் பின்னால் முளைத்துக்கொண்டே வரும். நுனி எப்போதும் மொட்டையாக ஒரு படி முன்னால் ஓடும். கொஞ்சம் மேலே, −5 பக்கம், ஊசிகளோ மீன்முள் போன்ற வடிவங்களோ தெரியும். ஒரே நரம்பில் வெப்பநிலை அச்சு செங்குத்தாக நிற்கிறது.

ஒரு மணி நேரத்தில் நல்ல நிலை வரும். அதற்குமேல் விட்டால் நெரிசலாகி வெறும் உறைபனி. அடியைக் கழற்றி நரம்பைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

8 டிசம்பர், காலை 9.25
ஆறுபட்டை

டிரை ஐஸ் துண்டு ஒன்று போதும் என்பவர்களுக்கு ஃப்ரீசர் முறை. பெட்டி ஃப்ரீசரின் உட்புறத்தில் கறுப்பு வெல்வெட், ஒரு டார்ச். உள்ளே மெதுவாக மூச்சு விட்டால் மீக்குளிர் மேகம் நிற்கும், சாம்பல் நிறத்தில், மினுக்கம் இல்லாமல். ஒரு துணுக்கு டிரை ஐஸை அதில் இழுத்துச் செல்லுங்கள். சில நொடிகளில் ஒளிக்கற்றைக்குள் மினுமினுப்பு தொடங்கும். மினுக்குவது தட்டுகளின் முகம். 1946-இல் வின்சென்ட் ஷேஃபர் கண்டது இதே காட்சி. டிரை ஐஸ் இல்லையென்றால், ஃப்ரீசரில் முன்கூட்டியே குளிரவைத்த பபிள் ராப்பின் ஒரு கொப்புளத்தை உள்ளேயே உடையுங்கள். அழுத்தத்தில் இருந்த காற்று விரிந்து கண நேரம் மிகக் குளிரும், கரு பிறக்கும்.

8 டிசம்பர், இரவு 7.40
வளிமகன்

இயற்கையில் விழும் படிகத்தைப் பிடித்து வைக்க வழி?

8 டிசம்பர், இரவு 8.15
ஆறுபட்டை

சூப்பர் க்ளூ. நீர்போல் ஓடும் வகை, ஜெல் வேண்டாம். ஸ்லைடு, கவர் ஸ்லிப், பசை, தூரிகை எல்லாம் முன்கூட்டியே வெளிக்குளிரில் இருக்க வேண்டும். படிகத்தை ஸ்லைடில் ஏந்தி, ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பை அதன் சொந்தக் கனத்தில் இறங்க விடுங்கள். விரலால் அழுத்தினால் விரல்சூடே படிகத்தைக் கரைத்துவிடும். −10-க்குக் கீழே ஃப்ரீசரில் ஒன்று, இரண்டு வாரம். குளிரில் பசை மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் இறுகும் முன் பனி உருகி, வெறும் நீர்க்கறை மிஞ்சும். படிகத்தின் மேல் மூச்சு படவே கூடாது.

9 டிசம்பர், மாலை 6.50
மேகவாசகி

இடையில் ஒரு சந்தேகம். நிலவைச் சுற்றி வட்டம் விழுவதும் இந்தப் படிகங்களாலா?

9 டிசம்பர், இரவு 7.30
ஆறுபட்டை

ஆம், உயரத்தில் இருக்கும் கீற்றுமேகத் தகடுகளில் உள்ள அறுகோணப் படிகங்கள். ஒன்றுவிட்ட இரண்டு பக்கமுகங்களுக்கு இடையே 60 டிகிரி. ஒளிவிலகல் எண் 1.31 என்று போட்டால் குறைந்தபட்ச விலகல் 21.8 டிகிரி, அதுவே 22 டிகிரி வட்டம். பக்கமுகத்தில் நுழைந்து அடிமுகத்தில் வெளியேறினால் 90 டிகிரிப் பட்டகம், 46 டிகிரி வட்டம். அது மங்கல், அரிது.

வட்டத்தில் வடிவத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது, படிகங்கள் தாறுமாறாகக் கிடந்தாலே அது வரும். வடிவம் தெரிவது வேறு இரண்டில். சூரியனுக்கு இரு பக்கமும் அதே உயரத்தில் ஒளித்திட்டு இருந்தால் தட்டுகள், அகன்ற முகம் கிடைமட்டமாக மிதக்கின்றன. வட்டத்தின் உச்சியைத் தொட்டு ஒரு வில் வளைந்தால் தூண்கள், படுக்கைவாட்டில் விழுகின்றன. ராடார்க்காரர்களும் தட்டின் இந்தப் படுக்கையைத்தான் பயன்படுத்துகிறார்கள்: கிடைமட்ட அலை செங்குத்து அலையைவிட வலுவாகத் திரும்பினால் தட்டும் கிளையும் உள்ள மட்டம், பெரும்பாலும் −15 சுற்றுவட்டாரம். கிளைகள் பின்னிக்கொண்டு திரளானதும் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

11 டிசம்பர், இரவு 9.05
மேகவாசகி

புட்டி வைத்தேன். கால் மணி நேரத்தில் நரம்பு முழுக்க வெள்ளைக் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது. கிளை ஒன்றுகூடத் தனியாக இல்லை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடியோடு நின்றும் போனது.

11 டிசம்பர், இரவு 9.40
ஆறுபட்டை

இரண்டு தனித்தனிக் கோளாறு.

கம்பளிப்பூச்சி: கரு மிகுதி. நரம்பு தடிமனாகவோ, கைபட்டு அழுக்காகவோ இருக்கிறது. முயல் முடிக்கதை இதற்காகத்தான் சொன்னேன். 0.1 மில்லிமீட்டர் நரம்பு எடுங்கள், சோப்புநீரில் கழுவி நல்ல நீரில் அலசிக் காயவையுங்கள், பிறகு நுனியை மட்டும் பிடித்துக் கோத்துவிடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், காரணம் 6-ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் முளைப்பதை அடியைத் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினால் இரண்டாம் சுற்றில் இடைவெளி விட்டு வரும். அப்போதும் நெரிசலென்றால் ஸ்பாஞ்சை இன்னும் பிழியுங்கள்.

நின்றுபோனது: டிரை ஐஸ் கரைந்து மட்டம் இறங்கியிருக்கும். மட்டம் இறங்கினால் −15 இருக்கும் இடமும் கூடவே கீழே போய்விடும். உங்கள் படிகம் இருந்த இடத்திலேயே இருந்து வெப்பமான பட்டையில் மாட்டிக்கொள்ளும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிரப்புங்கள், கோப்பையின் வாயைக் காகிதத் துவாலையால் லேசாக மூடுங்கள், காற்றுப்புகாமல் அல்ல. மட்டத்தைப் புட்டியில் பேனாவால் குறித்துவைத்தால் எப்போது நிரப்புவது என்று கண்ணுக்கே தெரியும்.